இரண்டணா வலி

சேலம்,
சித்திரபானு வருஷம், மாசி 6-ந் தேதி

சிரஞ்சீவி சின்னுசாமிக்கு உன் தகப்பன் மருதாசலம் எழுதுவது. எந்தச் சீமையில் இருந்தாலும் தலைக்கு நிழலும் வயிற்றுக்குச் சோறுமாக இரு சாமி.

உன் தை மாதக் கடிதத்தை யாரோ பிரித்துப் படித்து, மறுபடி ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். நடுவில் இரண்டு வரியை மசியால் அழித்திருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. பட்டாளத்துக் கடிதங்களைப் படிப்பதற்கென்றே சர்க்கார் ஆள் வைத்திருக்கிறது என்று நம் போஸ்ட்மாஸ்டர் சொல்கிறார். அவரும் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறாரோ என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. இந்தக் கடிதத்தைப் பிரிக்கிற புண்ணியவானுக்கு ஒரு வார்த்தை. இதில் யுத்த ரகசியம் எதுவும் கிடையாது. குடும்ப சமாசாரம். ஒரு எழுத்தையும் அழிக்காமல் என் மகனிடம் சேர்த்துவிடவும்.

நான் மோகனூரில் இல்லை என்பதை மேலே பார்த்திருப்பாய். சேலத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதறாமல் படி. உன் சம்சாரம் அங்கம்மாள் மேல் வெல்லப்பாகு கொட்டிவிட்டது. இன்றைக்கு நாலு நாள் ஆகிறது. இடது கை, வயிறு, இடது தொடை மூன்றிலும் வெந்துபோயிருக்கிறது. முகத்துக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் பெயர் கைலாசம். பார்க்கப் படித்தவராகத்தான் தெரிகிறார். பத்து நாள் போகட்டும், பிறகுதான் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்கிறார்.

நடந்தது இதுதான். நம் கரும்பாலையில் அன்றைக்கு மூன்றாவது கொப்பரை. பாகு பதத்துக்கு வந்து, அடுப்பிலிருந்து இறக்குகிற நேரம். கொப்பரை வளையத்தில் இரண்டு கழிகளைக் கோத்து, முனைக்கு ஓர் ஆளாக நாலு பேர் தூக்கி இறக்குவது உனக்குத் தெரியும். இந்த வருஷம் ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருக்கிறது. பாதிப் பேர் உன்னைப் போலப் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் மேட்டூர்ப் பக்கம் கூலிக்குப் போய்விட்டார்கள். நாலாவது ஆள் அன்றைக்கு வரவில்லை. கிடைத்த கையைப் போட்டுத் தூக்கினோம். ஒரு முனை நழுவி, கொப்பரை சாய்ந்துவிட்டது.

வெந்நீர் என்றால் வழிந்து ஓடிவிடும். பாகு அப்படி ஓடாது, ஒட்டிக்கொண்டு அந்த இடத்திலேயே வேக வைக்கும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். பாகு இறுகிச் சேலையோடும் தோலோடும் ஒன்றாகிவிட்டது. அதைப் பிய்க்கக் கூடாது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பிய்த்தோம். பிறகு வாழைக்குருத்தில் விளக்கெண்ணெய் தடவிச் சுற்றி, நாமக்கல் வரையில் வண்டியில் கொண்டுபோய், அங்கிருந்து கரி போட்டு ஓடுகிற பஸ்ஸில் சேலம் வந்தோம். அந்த பஸ் மேட்டுக்கு மேடு நின்றது. கண்டக்டர் வேண்டுமென்றே நிறுத்துகிறான் என்று அவனோடு சண்டை போட்டேன். இவ்வளவு தூரத்துக்கும் அங்கம்மாள் ஒரு முனகல்கூட முனகவில்லை.

எனக்குச் சந்தேகம் கந்தன் மேல்தான். பதினைந்து வருஷமாகப் பாகு பதம் பார்க்கிறவனுக்கு ஒரு கொப்பரையை நேராக இறக்கத் தெரியாதா? முதல் நாள் சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்துத் தீர்த்தகிரி அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். நம் வெல்லம் வீணாகிப் போனால் யாருக்கு லாபம் என்று நீயே யோசித்துக்கொள். கந்தனை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். போகிறபோது ஏதோ சொல்ல வந்தான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சேதி கேட்டு உன் மாமியார் சாலம்மாள் திருச்செங்கோட்டிலிருந்து வந்து நின்றாள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வாசலோடு அனுப்பிவிட்டேன். அவள் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. மகளை ஏதாவது கேட்டுத் துருவி, ஒன்றைப் பத்தாக்கி ஊரில் சொல்லுவாள். குழந்தை உன் ஆத்தாளிடம் மோகனூரில் இருக்கிறது. ராகிக் கூழ் குடிக்கிறது, சுகம்தான்.

நான் இந்த வராந்தாவை விட்டு நகரப் போவதில்லை. ஊர் பேர் தெரியாத இடத்தில் பெண்பிள்ளையைத் தனியாகப் போட்டுவிட்டு வர எனக்குப் பைத்தியமா? உன் பொருளை நான் காவல் காக்கிறேன். நீ உன் லாரியைப் பார்த்து ஓட்டு.

இப்படிக்கு,
மருதாசலம்


சேலம்,
மாசி 15-ந் தேதி

சிரஞ்சீவி சின்னுசாமிக்கு, தகப்பன் ஆசீர்வாதம். முதல் கடிதம் கைக்கு வந்ததா என்று தெரியவில்லை. வந்திருந்தால் இதற்குள் ஒரு வரி எழுதியிருப்பாய். வழியில் யாராவது நிறுத்தி வைத்திருக்கிறார்களோ என்னவோ.

அங்கம்மாள் உயிரோடு இருக்கிறாள். பயப்பட்ட நாட்கள் போய்விட்டன என்று டாக்டர் சொன்னார். ஆனால் இனிமேல்தான் கஷ்டம் என்றும் சொன்னார். அவள் கட்டிலுக்கு மேலே கூண்டு வண்டி மாதிரி மூங்கிலை வளைத்துக் கட்டி, அதன் மேல்தான் துப்பட்டியைப் போர்த்தியிருக்கிறார்கள். புண்ணில் துணி படக்கூடாதாம். காலையில் தினமும் கட்டு மாற்றுகிறார்கள். பழைய கட்டை உப்புத் தண்ணீரில் ஊற வைத்து, நூல் நூலாகப் பிரித்து எடுத்துவிட்டு, ஏதோ ஊதா மருந்தைப் பூசுகிறார்கள். அப்போது வருகிற வலிதான் பெரிய வலி என்று டாக்டர் சொல்கிறார். வலி அடங்கினால்தான் சாப்பிடுவாள், தூங்குவாள், புண் ஆறும். வலியை அப்படியே விட்டுவிட்டால் அதிலேயே ஆள் இறங்கிப்போவாள், மார்பியா ஊசி அதற்காகத்தான் என்றார்.

அந்த ஊசியில்தான் இப்போது விஷயம் இருக்கிறது. கவனமாகப் படி.

அது அபினியின் சத்து என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பூட்டுப் போட்ட அலமாரியில் வைத்திருக்கிறார்கள். சாவி ஒரு நர்சின் இடுப்பில் இருக்கிறது. அவள் பெயர் சாரதாமணி, ராசிபுரத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண். முப்பது வயது இருக்கும். நடந்தால் சத்தமே கேட்காது. சத்தமில்லாமல் நடக்கிறவர்களை நான் நம்புவதில்லை, உனக்கே தெரியும்.

ஊசி போடுவதற்கு முன்னால் அவள் ஒரு கேள்வி கேட்கிறாள். ரூபாய்க்கு எத்தனை அணா வலி என்று கேட்கிறாள். ஓரணா என்றால் எறும்பு கடித்த மாதிரி, பதினாறணாவும் என்றால் பொறுக்கவே முடியாத வலி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அணா தெரியுமே என்று அவளே செய்துகொண்ட ஏற்பாடாம். நாலணாவுக்குள் சொன்னால் ஊசி வேண்டாம், அதற்கு மேல் என்றால் போடலாம் என்பது டாக்டர் உத்தரவு. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்கிற மாதிரி வலியைக் கேட்கிறாள்.

பெண்கள் வார்டுக்குள் ஆண்பிள்ளை போகக் கூடாது. நான் அங்கம்மாளின் கட்டிலுக்கு நேராக உள்ள சன்னலுக்கு வெளியே வராந்தாவில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறேன். நர்சு கேட்பதும் உன் சம்சாரம் சொல்வதும் எனக்கு நன்றாகக் கேட்கும். ‘ரெண்டணாங்க அக்கா’ என்று சொல்கிறாள். தினமும் அதே இரண்டணாதான். பக்கத்துக் கட்டிலில் அடுப்பில் விழுந்த ஒரு கிழவி பதினாறணா பதினாறணா என்று ஊரைக் கூட்டுகிறாள். நம் வீட்டுப் பெண் இரண்டணாவில் நிறுத்துகிறாள். கேட்க எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா.

அவள் நம் வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒருநாளாவது என் எதிரில் வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருப்பாளா? சோறு ஆகிவிட்டால் சொம்பைத் தரையில் நங்கென்று வைப்பாள், நான் போய் உட்காருவேன். எனக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் நானும் தூணைப் பார்த்துத்தான் ‘தண்ணி’ என்பேன், தண்ணீர் வந்துவிடும். அவளுக்கு என்னிடம் ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் குழந்தையைப் பார்த்து, ‘அப்பாறு சந்தைக்குப் போறாங்களா கேளு’ என்பாள். அப்படிப்பட்ட மரியாதை இந்தக் காலத்தில் யார் வீட்டில் இருக்கிறது?

இப்போது சங்கதிக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக நர்சு வந்தவுடன் சன்னலைச் சாத்துகிறாள். காற்று அடித்தால் புண்ணுக்கு ஆகாது என்கிறாள். பக்கத்துச் சன்னல் மட்டும் ஆவென்று திறந்து கிடக்கிறது. சாத்திய பிறகு உள்ளே குசுகுசுவென்று பேச்சு. என்ன பேச்சு என்று சன்னலில் காதை வைத்தும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சன்னலைத் திறந்தால் ஊசிக்குழாய் காலி. டாக்டரிடம் நைசாக விசாரித்தேன். ‘நேற்று உங்கள் மருமகளுக்கு இரண்டு ஊசி ஆயிற்று’ என்றார். இரண்டணா வலிக்கு இரண்டு ஊசியா? அப்படியானால் மருந்து எங்கே போகிறது?

வாசலில் டீக்கடை வைத்திருக்கிறவன் சொன்னான், யுத்தம் வந்த பிறகு இந்த மருந்துக்குப் பொன் விலையாம். போதாதற்கு, அந்த நர்சு சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கக்கத்தில் ஒரு துணி மூட்டையை இடுக்கிக்கொண்டு போகிறாள். இரண்டு நாளைக்கு ஒரு தரம் அதைத் திருப்பியும் கொண்டுவருகிறாள். மூட்டையில் என்ன அம்மா என்று கேட்டேன். ‘பழந்துணிங்க பெரியவரே’ என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் என் சந்தேகத்தை ஊர்ஜிதம் செய்தது.

நேற்று டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்று, மருந்தைத் திருடுகிறாள். இல்லையென்றால் வலி இல்லாதவளுக்கு அபினியை ஏற்றி, பழக்கிவிடப் பார்க்கிறாள். என் மருமகள் வாயாலேயே இரண்டணா என்று சொல்லி நான் பத்து நாளாகக் கேட்கிறேன் என்றேன். டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டார். கடைசியில் சாரதாமணியை ஆண்கள் பக்கம் மாற்றிவிட்டு வேறொரு நர்சைப் போட்டிருக்கிறார். சன்னலைச் சாத்தக் கூடாது என்றும் உத்தரவு வாங்கிவிட்டேன். என் கண் படாமல் இனி ஒரு சொட்டு மருந்தும் போகாது.

நீ நிம்மதியாக இரு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருதாசலம்


சேலம்,
மாசி 26-ந் தேதி

என் சாமி சின்னுசாமிக்கு,

உன் கடிதம் வந்தது. என்னை நம்பியிருப்பதாகவும், நான் பக்கத்தில் இருப்பதே அங்கம்மாளுக்குப் பெரிய பலம் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.

என்ன நடந்தது என்று உள்ளபடி எழுதுகிறேன். பிறகு நீ என்னை என்ன நினைத்தாலும் சரி.

புகார் சொன்ன மறுநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, என் எதிரிலேயே அலமாரியைத் திறந்து ஊசி மருந்தை எண்ணிக் காட்டினார். ஒன்றும் குறையவில்லை. மூட்டையையும் பிரிக்கச் சொன்னார். உள்ளே நைந்துபோன பழைய வேட்டித் துண்டுகள் இருந்தன. யுத்தத்தில் கட்டுத் துணி கிடைப்பதில்லை. கிடைக்கிற புதுத் துணியோ மொரமொரவென்று புண்ணை அறுக்கிறது. அதனால் சாரதாமணி தன் வீட்டு வேட்டிகளைக் கிழித்து, வேகவைத்து அலசி, மெதுவாக இருக்கிற துண்டாகப் பார்த்து எடுத்து வருகிறாள். அங்கம்மாளின் வயிற்றில் படுகிற துணி அதுதான். அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். எண்ணுவதற்கு முன்னாலேயே திருப்பி வைத்திருப்பாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

புதிதாக வந்த நர்சு சத்தமாகப் பேசுகிறவள். கதவண்டை நின்றபடியே எத்தனை அணா அம்மா என்று கேட்பாள். நான் சன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். ‘ஓரணாங்க’ என்பாள் உன் சம்சாரம். இரண்டணாகூட இல்லை. பிறகு ஊசி எதற்கு? ஊசி இல்லாமலே கட்டு அவிழ்த்தார்கள். இரண்டு நாள் அப்படி நடந்தது. ஒரு சத்தம் இல்லை. பார்த்தாயா, என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். அவள் சாப்பாட்டைத் தொடவில்லை, காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. அதையும் அந்த ஊதா மருந்தின் கோளாறு என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் பாதிக் கட்டு அவிழ்க்கும்போது அவள் நினைவு தப்பிவிட்டாள். நர்சு கத்திய கத்தலில் டாக்டர் ஓடிவந்தார். சன்னல் வழியாகப் பார்த்தேன். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்திருந்தாள். அதில் ரத்தம். வெந்துபோகாத வலது கையிலும் ரத்தம், உள்ளங்கையில் அவள் நகமே ஏறியிருந்தது. இவ்வளவையும் எனக்கு மூன்று முழ தூரத்தில் செய்திருக்கிறாள். நான் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் கிணற்றடியில் போய் நின்றேன். சாரதாமணி அங்கே வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் பதில் சொல்ல எனக்குத் தெரியும். அவள் திட்டவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘ஏனுங்க பெரியவரே, நாஞ் சன்னலச் சாத்துனது திருடறதுக்கில்லீங்க. அந்தப் பக்கம் நீங்க உக்காந்திருக்கறது தெரிஞ்சா அது ரெண்டணாவுக்கு மேல சொல்றதில்லீங்க. சாத்திப்போட்டுக் காதோட காதாக் கேட்டா பதினாறணாங்குது. சொல்லி முடிக்கறதுக்குள்ள அழுகுது. அழுகற சத்தம் மாமனுக்குக் கேட்டுருமோன்னு அதுக்கும் பயப்படுதுங்க.’

இதை ஏன் அம்மா முதலிலேயே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். மாமனிடம் சொல்லக் கூடாது, அவர் மனசு சங்கடப்படும் என்று அங்கம்மாள் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

வலி உச்சிக்கு ஏறிய பிறகு ஊசி போட்டால் பிடிக்க வெகு நேரம் ஆகுமாம். ஏறுவதற்கு முன்னாலேயே போட வேண்டுமாம். அதற்கு அவள் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். ‘நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாங்க. எட்டிப் போயிருங்க. போறது அதுக்குத் தெரியற மாதிரி போங்க’ என்றாள்.

மறுநாள் காலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சன்னலுக்கு நேராக நின்றேன். ‘அம்மிணி, நான் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குப் போறேன். பொழுது சாயத்தான் வருவேன்’ என்று சொன்னேன். ஆறு வருஷத்தில் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு. அதுவும் பொய். மண்டிக்குப் போகவில்லை. கேட்டுக்கு வெளியே வண்டிகள் அவிழ்த்துவிட்ட இடத்தில் ஒரு வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். உள்ளதைச் சொன்னால், அந்த நர்சு சொன்னது நிஜமா என்று சோதித்துப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். அந்த நேரத்திலும் என் புத்தி அப்படித்தான் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் கேட்டது. ‘பதினாறணாங்க அக்கா, பதினாறணாங்க, முடியலீங்க’ என்று ஒரு குரல். யாரோ வேற்றுப் பெண்பிள்ளை என்று முதலில் நினைத்தேன். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பிறகுதான் தெரிந்தது, என் வீட்டில் ஆறு வருஷமாக எனக்குச் சோறு போட்ட பெண்ணின் குரல் அது. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி அழுதாள். வண்டிக்காரன் ஒருவன், பாவம் யார் பெற்ற பெண்ணோ என்றான். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் நீ நம்புவாயா? அவள் கத்தக் கத்த, இப்போது அவளுக்கு மருந்து போகும் என்று எனக்கு நிச்சயமாக இருந்தது. அரை மணியில் சத்தம் அடங்கியது. அதற்கு அப்புறம்தான் கட்டைத் தொட்டார்கள். அன்றைக்கு அவள் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். முதல் கடிதத்தில் நாலாவது முனைக்குக் கிடைத்த கையைப் போட்டோம் என்று எழுதினேன். அந்தக் கை அங்கம்மாளுடையது. அவளைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்து, ‘அந்த முனையைப் புடிக்க ஆளில்லையா’ என்றேன், அவள் வந்து பிடித்தாள். ‘அம்மிணிக்குக் கை தாங்காதுங்க’ என்று கந்தன் இரண்டு தடவை சொன்னான். தூக்குடா என்று அதட்டினேன். பாதித் தூரத்தில் அவள் வாயைத் திறந்து என்னைப் பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள். நழுவுது என்று ஒரு சொல் வந்திருந்தால் கொப்பரையைக் கீழே வைத்திருப்போம். அந்தச் சொல்லை வரவிடாமல் வைத்திருந்தவன் நான். இதைத்தான் கந்தன் போகும்போது சொல்ல வந்தான். இதைக் கேட்டுவிடுவாள் என்றுதான் உன் மாமியாரை வாசலோடு அனுப்பினேன். தீர்த்தகிரிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவன் கந்தனைக் கூப்பிட்டது தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்கத்தானாம்.

நானே திருச்செங்கோட்டுக்குப் போய் சாலம்மாளின் வாசலில் நின்று கூப்பிட்டேன். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இப்போது அவள்தான் வார்டுக்குள் மகள் பக்கத்தில் இருக்கிறாள். சாரதாமணியும் பழைய இடத்துக்கு வந்துவிட்டாள். என்னுடைய வேட்டி இரண்டைக் கொடுத்தேன், மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். நான் சத்திரத்தில் தங்கியிருக்கிறேன். காலையில் கேட் வரைக்கும் வந்து, எப்படியிருக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டு திரும்பிவிடுவேன். நேற்றுப் பத்தணா, இன்றைக்கு எட்டணா. இந்த எண்ணிக்கையை நான் நம்புகிறேன். தொடையில் புதுத்தோல் வருகிறது. வயிற்றுப் புண்ணுக்கு இன்னும் ஒரு மாதம் ஆகும். கை முழுக்க நீளுமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். ஊருக்குப் போய் கந்தனைப் பார்க்க வேண்டும். என்ன சொல்லுவேன் என்று தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அங்கம்மாளுக்கென்று தனியாகக் கடிதம் எழுது. இத்தனை நாளும் நீ எனக்கு எழுதுவாய், நான் படித்துவிட்டு ‘சின்னுசாமி சுகமாம்’ என்று தூணைப் பார்த்துச் சொல்லுவேன். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த கடிதம். இனிமேல் அவள் பெயர் போட்டு ஆஸ்பத்திரிக்கே அனுப்பு. சாரதாமணி படித்துக் காட்டுவாள். நான் தொடமாட்டேன். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கேட்டு எழுது. ஒன்றுமில்லை, கொஞ்சம்தான் என்று பதில் வந்தால் நம்பாதே. மறுபடி கேள்.

இதை எழுதிக்கொண்டு வரும்போது பையில் கூடவே வைத்திருக்கிற உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பதினாலு மாதத்தில் பதினோரு கடிதம். பதினொன்றிலும் ‘நான் இங்கே சவுகரியமாக இருக்கிறேன், கவலை வேண்டாம்’ என்று ஒரே வரி. ஊரில் உள்ளவர்கள் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. நீயும் என் எதிரில் வாய் திறக்காமல் வளர்ந்தவன்தானே.

எப்படி இருக்கிறாய் சாமி? உள்ளதை எழுது. எனக்கு எழுத மனம் வராவிட்டால் அவளுக்காவது எழுது, நான் கேட்கமாட்டேன். முழு உடம்போடு திரும்பி வந்து சேர்.

உன் அய்யன்,
மருதாசலம்